ஒருங்கிணைப்பு சர்வரில் ஜேடிபிசி அடாப்டரை நிறுவும் முறை

விற்பனை ஒரு மென்பொருளிலும், கிடங்கு மற்றொன்றிலும், சம்பளக் கணக்கு மூன்றாவது ஒன்றிலுமாக நடைபெறும் பெரிய ஸ்தாபனங்களில், அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு நடுவில் நிற்கும் மத்தியஸ்தராக ஒருங்கிணைப்பு சர்வர் அமைகிறது. அந்த மத்தியஸ்தருக்கு ஒவ்வொரு மென்பொருளின் பாஷையையும் அறிவிக்கும் துண்டுக்கு அடாப்டர் என்று பெயர். தத்துவம் இவ்வளவு போதும். வெப்மெத்தட்ஸ் இன்டகிரேஷன் சர்வரில், டேட்டாபேஸோடு பேசுவதற்குரிய ஜேடிபிசி அடாப்டரை முதன்முறையாகத் தம் கையாலேயே நிறுவ விரும்புகிறவருக்காக இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. இங்கே சொல்லப்படும் அடைவுகளும் திரைகளும் பத்தாம் வரிசைப் பதிப்புகளுக்கு உரியவை.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1996-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஆரம்பமான வெப்மெத்தட்ஸ், 2007-இல் ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரத்தைச் சேர்ந்த சாஃப்ட்வேர் ஏஜியின் வசமாகி, 2024-இல் ஐபிஎம்மின் கைக்கு வந்தது. ஆகையால் நிறுவும் கருவியிலும் அடைவுகளிலும் ஒரு பெயரும், புதிய கையேடுகளில் வேறொரு பெயரும் காணப்பட்டால், தவறான மென்பொருளை எடுத்துவிட்டோமோ என்று வாசகர் கலங்க வேண்டியதில்லை.

அடாப்டரை நிறுவுவது கால் மணி நேர வேலைதான். ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்கு முன் செய்யாமல் விட்டவையும், அதன் பின் அவசரத்தில் செய்தவையுமே நள்ளிரவில் ஒருவரைத் தூக்கத்திலிருந்து எழுப்புகின்றன. எனவே ஒரு படியை முடித்து, அது சரியாக நின்றதா என்று கண்ணால் கண்ட பிறகே அடுத்த படியில் கால் வைப்பது என்ற ஒரே நியமத்தை இந்த அத்தியாயம் முழுவதும் விடாமல் பின்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பூர்வாங்க ஏற்பாடுகள்

1. சர்வரின் பதிப்பு எண்ணையும், அது எந்த ஜாவாவின் மீது ஓடுகிறது என்பதையும் நிர்வாகத் திரையின் ‘அபவுட்’ பக்கத்தில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கணினியில் வேறு ஜாவா நிறுவப்பட்டிருக்கலாம். அதன் எண் நமக்குப் பிரயோஜனமற்றது. சர்வர் தன் அடைவுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும் ஜாவாதான் கணக்கு.

2. டேட்டாபேஸ் நிர்வாகியிடமிருந்து ஐந்து விவரங்களை எழுத்தில் பெறுங்கள்: இயந்திரத்தின் பெயர், போர்ட் எண், டேட்டாபேஸ் அல்லது சர்வீஸின் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு. போர்ட் எண் வழக்கமாக ஆரக்கிளுக்கு 1521, எஸ்க்யூஎல் சர்வருக்கு 1433, போஸ்ட்கிரெஸுக்கு 5432. பாதுகாப்பு கருதி இதை மாற்றி வைத்திருக்கும் இடங்கள் உண்டாகையால், அனுமானித்துக்கொள்ளாமல் கேட்டறிவதே உசிதம்.

3. இயந்திரத்தின் பெயரும் போர்ட்டும் எட்டுகின்றனவா என்று சோதியுங்கள். இந்தச் சோதனையைச் சர்வர் ஓடும் இயந்திரத்திலிருந்தே செய்ய வேண்டும். தம் மேஜை மேலிருக்கும் மடிக்கணினியிலிருந்து டேட்டாபேஸ் திறக்கிறதென்று கண்டு, எல்லாம் சரி என்று முடிவு கட்டிவிட்டு, பிறகு அரை நாள் அடாப்டரைக் குறை கூறிக்கொண்டிருந்தவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மடிக்கணினி இருக்கும் வலையமைப்பு வேறு. சர்வர் இருக்கும் வலையமைப்பு வேறு. நடுவிலுள்ள ஃபயர்வால் இரண்டையும் ஒன்றாக நடத்துவதில்லை.

4. பேக்கப் எடுங்கள். ஐந்தாம் படியில் சொல்லும் முறைப்படி சர்வரை நிறுத்திய பிறகு, நிறுவல் அடைவு முழுவதையும் பிரதியெடுத்துக்கொள்வது உத்தமம். இடம் போதாவிட்டால், சர்வர் இன்ஸ்டன்ஸின் ‘பேக்கேஜஸ்’ அடைவையும் ‘கான்ஃபிக்’ அடைவையுமாவது எடுக்க வேண்டும். ‘கான்ஃபிக்’ அடைவைத் துண்டு துண்டாக, ஒரு கோப்பு இன்றும் மற்றொன்று நாளையுமாக எடுக்கலாகாது. வெளி அமைப்புகளுக்கான பாஸ்வேர்டுகள் மறையாக்கம் செய்யப்பட்டு அதிலே ஒரு கோப்பிலும், அவற்றைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு வேறொரு கோப்பிலும் இருக்கின்றன; அவை ஒரே தருணத்தைச் சேர்ந்த ஜோடியாக இருந்தால்தான் ஒன்று மற்றொன்றுக்கு உதவும்.

> குறிப்பு: உற்பத்திச் சர்வரில் முதலில் கை வைக்க வேண்டாம். பரீட்சார்த்தச் சர்வர் ஒன்றில் இந்த அத்தியாயத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை ஒருமுறை நடத்திப் பார்த்து, ஒவ்வொரு படிக்கும் எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று குறித்துக்கொண்டால், பராமரிப்பு நேரம் எவ்வளவு கேட்பது என்ற கேள்விக்கு ஊகமின்றிப் பதில் சொல்லலாம்.

அடாப்டரை நிறுவுதல்

5. சர்வரை முறைப்படி நிறுத்துங்கள். நடந்துகொண்டிருக்கும் வேலைகள் முடியட்டும். புதிய வேலைகளை ஏற்காமல், கையிலிருப்பதை மட்டும் முடித்துக்கொள்ளும் ‘குவையெஸ்’ நிலை இதற்காகவே ஏற்பட்டது. செயலை வலுக்கட்டாயமாகக் கொல்வது, பாதி எழுதிய கடிதத்தைக் கிழித்தெறிவதற்குச் சமானம்.

6. நிறுவும் கருவியை, சர்வர் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறதோ அதே பயனராக நுழைந்து துவக்குங்கள். லினக்ஸ் இயந்திரங்களில் ரூட் பயனராக நுழைந்து நிறுவுவது மிகப் பரவலான தவறு. அந்தச் சமயத்தில் எல்லாம் சுமுகமாகவே முடியும். ஆனால் புதிய கோப்புகள் ரூட்டின் உடைமையாகிவிடுவதால், சர்வர் மறுபடி எழும்போது தன் வீட்டுக்குள்ளேயே தனக்கு எழுத அனுமதியில்லாத அறைகளைக் காணும்.

7. ஏற்கெனவே சர்வர் இருக்கும் அடைவையே இலக்காகக் கொடுங்கள். பட்டியலில் அடாப்டர்கள் என்ற பிரிவை விரித்து, ஜேடிபிசி அடாப்டரை மட்டும் தேர்ந்தெடுங்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இன்னும் நான்கைந்தைச் சேர்த்துக்கொள்வதில் லாபம் ஒன்றுமில்லை. அவை ஒவ்வொன்றுக்கும் லைசென்ஸும் திருத்தங்களும் பின்னாளில் உங்களைத் தேடி வரும்.

8. நிறுவிய பின், அந்த அடாப்டருக்கு வெளியாகியிருக்கும் திருத்தங்களை அப்டேட் மேனேஜர் வழியாகச் சேருங்கள். சர்வரை இன்னும் எழுப்ப வேண்டாம், டிரைவர் பாக்கியிருக்கிறது.

டிரைவர் ஜார்: தவறுகள் பிறக்குமிடம்

அடாப்டரோடு ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் முதலியவற்றின் சொந்த டிரைவர்களும் தாமாக வந்துவிடும் என்று எதிர்பார்க்கலாகாது. அவற்றை டேட்டாபேஸ் தயாரித்த நிறுவனத்திடமிருந்து நீங்களே பெற்று, உரிய இடத்தில் வைக்க வேண்டும்.

9. சரியான ஜார் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். ஆரக்கிளின் டிரைவர் ‘ஓஜேடிபிசி8’ என்ற பெயரில் கிடைக்கிறது. அந்த 8 ஆரக்கிள் டேட்டாபேஸின் பதிப்பைக் குறிப்பதல்ல. ஜாவாவின் பதிப்பைக் குறிப்பது. எங்கள் டேட்டாபேஸ் 19 அல்லவா, இது எட்டாயிற்றே என்று தயங்கி, வேறெங்கெங்கோ தேடி, நம்பத்தகாத இடத்திலிருந்து பழைய கோப்பு ஒன்றை எடுத்து வந்தவர்கள் உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் டிரைவரும் அப்படியே: கோப்பின் பெயர் ‘ஜேஆர்இ8’ என்றோ ‘ஜேஆர்இ11’ என்றோ முடியும், அதுவும் ஜாவாவைச் சுட்டுவதே. முதற்படியில் எழுதி வைத்த ஜாவா எண் இங்கேதான் கைகொடுக்கிறது.

10. ஜார் கோப்பை உரிய அடைவில் வையுங்கள். இன்டகிரேஷன் சர்வரின் அடைவுக்குள் ‘இன்ஸ்டன்ஸஸ்’, அதற்குள் உங்கள் இன்ஸ்டன்ஸின் பெயர் (வழக்கமாக ‘டிஃபால்ட்’), அதற்குள் ‘பேக்கேஜஸ்’, அதற்குள் ‘டபிள்யூஎம் ஜேடிபிசி அடாப்டர்’ பேக்கேஜ், அதற்குள் ‘கோட்’, அதற்குள் ‘ஜார்ஸ்’ என்பதே வழி. பெயர்களை நினைவிலிருந்து தட்டச்சு செய்யாமல், கோப்பு மேலாளரில் ஒவ்வொன்றாகத் திறந்து செல்வது நல்லது.

11. அந்த அடைவில் அதே டிரைவரின் பழைய பிரதி ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடைவை விட்டே வெளியேற்றுங்கள். ஒரே டிரைவரின் இரண்டு பதிப்புகள் அருகருகே கிடந்தால், எதிலிருந்து எந்தக் கிளாஸ் ஏற்றப்படும் என்று நிச்சயமில்லை. பரீட்சார்த்தச் சர்வரில் நடப்பது உற்பத்தியில் நடக்காமலும், இன்று நடப்பது அடுத்த முறை நடக்காமலும் போகும். இவ்வகைப் பிழையைப் போல மனிதனை அலைக்கழிப்பது வேறில்லை.

12. இப்போது சர்வரைத் துவக்குங்கள். துவக்கும்போதுதான் ஜார் கோப்புகள் ஏற்றப்படுகின்றன; ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் கோப்பைப் போட்டுவிட்டு மறுதுவக்கம் செய்யாமல் காத்திருப்பதில் பயனில்லை.

13. நிர்வாகத் திரையைத் திறந்து, பேக்கேஜ்கள் பட்டியலில் ‘டபிள்யூஎம்ஆர்ட்’ என்ற அடாப்டர் இயக்கப் பேக்கேஜும், ‘டபிள்யூஎம் ஜேடிபிசி அடாப்டர்’ பேக்கேஜும் இயங்கும் நிலையில் இருப்பதைக் காணுங்கள். பின்னது முன்னதன் தோளில் நிற்பது. முன்னது முடங்கியிருந்தால் பின்னது எழாது. இரண்டும் சரியாயின், அடாப்டர்கள் என்ற தலைப்பின்கீழ் ஜேடிபிசி அடாப்டரின் பெயர் தோன்றியிருக்கும்.

கனெக்‌ஷன் அமைத்தல்

14. முதற்காரியமாக, பேக்கேஜ்களையும் சர்வீஸ்களையும் உருவாக்கும் கருவியாகிய டிசைனரில் உங்களுக்கென்று ஒரு தனிப் பேக்கேஜை உண்டாக்கி, அது ‘டபிள்யூஎம் ஜேடிபிசி அடாப்டர்’ பேக்கேஜைச் சார்ந்திருக்கிறது என்று அதன் பண்புகளில் குறியுங்கள். கனெக்‌ஷன்களை அடாப்டரின் சொந்தப் பேக்கேஜுக்குள் வைக்கவே கூடாது. அடுத்த பதிப்பு வரும்போது அந்தப் பேக்கேஜ் முழுவதும் மாற்றப்படும். வாடகை வீட்டுச் சுவரில் குடும்பக் கணக்கை எழுதி வைத்தவனின் கதியே உங்களுக்கும் நேரும். சார்பைக் குறித்து வைத்தால், அடாப்டர் எழுந்த பிறகே உங்கள் பேக்கேஜ் எழ வேண்டும் என்ற வரிசையைச் சர்வர் அறிந்துகொள்ளும்.

15. நிர்வாகத் திரையில் ஜேடிபிசி அடாப்டரின் பக்கம் சென்று, புதிய கனெக்‌ஷனை அமையுங்கள். பேக்கேஜ், ஃபோல்டர், பெயர் ஆகியவற்றுக்குப் பின் பரிவர்த்தனை வகை கேட்கப்படும். பரிவர்த்தனை வேண்டாத வகையில் ஒவ்வொரு கட்டளையும் உடனுக்குடன் நிலைபெற்றுவிடும். படிப்பதற்கு மட்டுமான கனெக்‌ஷனுக்கு அது போதும். பல வரிகளை ஒன்றாக எழுதி, ஒன்று தவறினால் அனைத்தையும் திரும்பப் பெற வேண்டியிருந்தால் லோக்கல் வகை. இரண்டு வெவ்வேறு டேட்டாபேஸ்களை ஒரே பரிவர்த்தனையில் கட்ட வேண்டிய அபூர்வத் தேவைக்கு மட்டுமே எக்ஸ்ஏ வகை. ஆரம்பத்தில் அதை நாட வேண்டாம்.

16. டேட்டாசோர்ஸ் கிளாஸின் பெயரை நிரப்புங்கள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் பேதப்படும். கையேட்டிலிருந்து பிரதி செய்து ஒட்டும்போது முன்னாலோ பின்னாலோ ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வருவது சகஜம். கண்ணுக்குத் தெரியாத அந்த ஓர் இடைவெளியால் ஒரு பிற்பகல் முழுவதும் வீணானதை நான் அறிவேன். ஒட்டிய பிறகு கர்சரைக் கடைசி எழுத்துக்குக் கொண்டுபோய், அதற்கு அப்பால் நகர்கிறதா என்று பாருங்கள்.

17. சேமித்து, கனெக்‌ஷனை இயக்குங்கள். பாஸ்வேர்டைத் தட்டச்சு செய்ததில் கடுகளவு சந்தேகம் இருந்தாலும் இயக்குவதற்கு முன் மறுபடியும் உள்ளிடுங்கள். ஏன் என்பதை ஓர் அனுபவத்தால் சொல்கிறேன்.

ஒரு சரக்குக் கிடங்கின் மென்பொருளுக்காக, மாதக் கடைசி நாள் இரவில், புதிய கனெக்‌ஷன் ஒன்றை நான் அமைத்தேன். பாஸ்வேர்டில் ஓர் எழுத்துப் பிசகிவிட்டது. தோல்வியுற்றால் தானாகவே மீண்டும் முயலும்படி மறுமுயற்சி எண்ணிக்கையைத் தாராளமாக வைத்திருந்தேன். போதாக்குறைக்கு, நானும் சில முறை இயக்கும் பொத்தானை அழுத்தினேன். ஆரக்கிளில் வழக்கமான ஏற்பாட்டின்படி பத்துத் தவறான முயற்சிகளோடு கணக்கு பூட்டப்பட்டுவிடும். அந்தக் கணக்கை நான் மட்டும் உபயோகிக்கவில்லை. கிடங்கின் அனுப்புகைச் சீட்டு அச்சிடும் மென்பொருளும் அதே கணக்கைத்தான் உபயோகித்துக்கொண்டிருந்தது. டேட்டாபேஸ் நிர்வாகி வந்து பூட்டைத் திறக்கும் வரை சீட்டுகள் அச்சாகவில்லை. சரக்கு ஏற்றிய லாரிகள் வாசலில் நின்றன. ஓட்டுநர்கள் குளிரில் வண்டிகளுக்கு அருகே காத்திருந்தார்கள். அன்று முதல், ஒருங்கிணைப்புக்கென்று தனிக் கணக்கு கேட்டுப் பெறாமல் நான் எந்த அடாப்டரையும் தொடுவதில்லை. முதல் இயக்கத்தின்போது மறுமுயற்சி எண்ணிக்கையைப் பூஜ்யமாகவே வைக்கிறேன்; நீங்களும் அவ்வாறே வையுங்கள்.

இரண்டு பிழை எண்கள்

கனெக்‌ஷன் இயங்க மறுத்தால், பிழைச் செய்தியின் நீளத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். அதற்குள் அடைப்புக்குறியில் ஒளிந்திருக்கும் எண்ணைத் தேடிப் பிடியுங்கள்.

ஏடிஏ.1.200 என்றிருந்தால், டேட்டாசோர்ஸ் கிளாஸையே காண முடியவில்லை என்று அர்த்தம். அடாப்டர் இன்னும் உங்கள் டேட்டாபேஸின் வாசலுக்குப் போகவே இல்லை. ஆகையால் பாஸ்வேர்டையோ ஃபயர்வாலையோ ஆராய்வது வீண். ஜார் கோப்பு சரியான அடைவில் இருக்கிறதா, அதைப் படிக்கச் சர்வரின் பயனருக்கு அனுமதி உண்டா, வைத்த பிறகு சர்வர் மறுதுவக்கம் ஆயிற்றா, கிளாஸின் பெயர் எழுத்துக்கு எழுத்து சரியா என்ற நான்கையும் இதே வரிசையில் பாருங்கள்.

ஏடிஏ.1.204 என்றிருந்தால், டிரைவர் கிடைத்துவிட்டது, டேட்டாபேஸோடு இணையத்தான் முடியவில்லை. இது ஒரு விதத்தில் நற்செய்தி. பாதி தூரம் கடந்துவிட்டீர்கள். அந்த வரிக்குக் கீழே டேட்டாபேஸே சொல்லும் காரணம் இருக்கும். பயனர் பெயர் அல்லது பாஸ்வேர்டு தவறு என்றால் ஒருமுறைக்கு மேல் முயலாமல் நிறுத்திவிட்டு, டேட்டாபேஸ் நிர்வாகியோடு பேசுங்கள். இணைப்பு மறுக்கப்பட்டது என்றோ நேரம் கடந்துவிட்டது என்றோ இருந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

பூல் அளவுகள்

இணைப்புகளை ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்காமல், சிலவற்றைத் திறந்தபடியே கையில் வைத்திருக்கும் தொகுப்பு பூல் எனப்படும். இதில் இரண்டு விஷயங்களை மட்டும் வலியுறுத்துகிறேன்.

முதலாவது, காலக்கெடுகள் மில்லிசெகண்டில் அளக்கப்படுகின்றன. ஐந்து நிமிஷம் என்று எண்ணிக்கொண்டு 300 என்று எழுதினால், செகண்டில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. 300000 என்று எழுத வேண்டும்.

இரண்டாவது, சர்வருக்கும் டேட்டாபேஸுக்கும் இடையே ஃபயர்வால் இருந்து, அது சும்மா இருக்கும் இணைப்புகளைச் சப்தமின்றி வெட்டிவிடும் வழக்கமுடையதாயின், குறைந்தபட்ச அளவைப் பூஜ்யமாக வையுங்கள். காலாவதியான இணைப்புகளைப் பூல் அகற்றும்போது, குறைந்தபட்ச அளவை எட்டியதும் நின்றுவிடுகிறது. அளவு ஒன்று என்றிருந்தால் அந்த ஒன்று இரவு முழுவதும் கிடந்து, ஃபயர்வாலால் வெட்டுண்டு, காலையில் வரும் முதல் வேலையை விழுத்தாட்டும். ‘தினமும் காலையில் முதல் தடவை மட்டும் தோற்கிறது’ என்ற முறையீட்டைக் கேட்டால் இந்த இடத்தைப் பாருங்கள். காலாவதிக் கெடுவும் ஃபயர்வாலின் கெடுவைவிடக் குறைவாக இருப்பது அவசியம்.

அதிகபட்ச அளவைப் பற்றி: பத்து என்று வைத்து, நான்கு சர்வர்கள் ஓடினால் நாற்பது இணைப்புகள். இந்தக் கணக்கை டேட்டாபேஸ் நிர்வாகியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சோதனை

18. டிசைனரில் உங்கள் பேக்கேஜுக்குள் ஓர் அடாப்டர் சர்வீஸை, கஸ்டம் எஸ்க்யூஎல் வகையில் உண்டாக்கி, ஒரே ஒரு வரியைத் திருப்பித் தரும் எளிய வினவலைக் கொடுங்கள். ஆரக்கிளில் ‘டூயல்’ என்ற ஒற்றை வரி அட்டவணை இதற்கு உகந்தது. உண்மையான அட்டவணைகளை இப்போதே தொட வேண்டாம்.

19. அது வெற்றி பெற்றபின், உண்மையான அட்டவணை ஒன்றிலிருந்து சில வரிகளைப் படியுங்கள். பெயர்கள் கேள்விக்குறிகளாகவோ கட்டங்களாகவோ வந்தால் எழுத்துக் குறியாக்கத்தைக் கவனிக்க வேண்டும்.

20. சர்வரை இன்னொரு முறை முழுவதுமாக நிறுத்தி, எழுப்பி, எதையும் தொடாமலே கனெக்‌ஷன் தானாக இயங்கும் நிலைக்கு வருகிறதா என்று பாருங்கள். இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதன் விளைவு, பல வாரங்களுக்குப் பின் மின்தடை ஏற்பட்ட ஓர் இரவில், அங்கே அப்போது இருக்க நேர்ந்த வேறொருவர் தலையில் விழுகிறது. எழுந்தது உறுதியான பிறகு, பதினேழாம் படியில் பூஜ்யமாக்கிய மறுமுயற்சி எண்ணிக்கையை இரண்டு அல்லது மூன்றாக உயர்த்திக்கொள்ளலாம். டேட்டாபேஸ் சற்றுத் தாமதமாக எழும் நாட்களில் அது உதவும்.

பாதுகாப்பு

புதிதாக நிறுவிய சர்வரின் நிர்வாகக் கணக்குக்கு உலகறிந்த ஆரம்பப் பாஸ்வேர்டு ஒன்று உண்டு. பதிப்பு பதிப்பாக எல்லாக் கையேடுகளிலும் அச்சிடப்பட்டு வந்தது அது. அதை இன்னும் மாற்றாமலிருந்தால், மேற்கொண்டு படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் மாற்றிவிடுங்கள். 5555 என்ற முதன்மைப் போர்ட்டும், 9999 என்ற நோய்நாடும் போர்ட்டும் பொது இணையத்துக்குத் திறந்திருக்கலாகாது. கனெக்‌ஷன் அமைக்கப்பட்ட சர்வரின் நிர்வாகத் திரையில் புகுந்தவன், அந்தக் கனெக்‌ஷனுக்கு அப்பால் உள்ள டேட்டாபேஸிலும் புகுந்தவனே ஆவான். எனவே டேட்டாபேஸ் கணக்குக்கும், தேவையான அட்டவணைகளில் தேவையான உரிமையை மட்டும் கேளுங்கள். ‘எல்லா உரிமையும் கொடுத்துவிடுங்கள், பிறகு குறைத்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சில் அந்தப் பிறகு வந்ததை நான் கண்டதில்லை.

பிழையைத் தேடுவதற்காக லாக் அளவை உயர்த்தியிருந்தால், வேலை முடிந்ததும் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். மிக விரிவான லாக்கில் வாடிக்கையாளர்களின் பெயர்களும் தொகைகளும் பதிவாகிவிடக்கூடும், டிஸ்க்கும் நிரம்பும்.

21. கடைசியாக, சர்வர் பராமரிப்புப் பதிவேட்டில் அன்றைய தேதி, அடாப்டரின் பதிப்பு, சேர்த்த திருத்தங்கள், ஜார் கோப்பின் முழுப் பெயர், அது வைக்கப்பட்ட அடைவு, நீக்கிய பழைய ஜார், பேக்கப் இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி வரி எழுதி, ஜார் கோப்பின் அளவையும் பக்கத்தில் குறியுங்கள். எல்லா வரிகளிலும் அந்த எண் ஒன்றாகவே இருக்க வேண்டும். மறுநாள் காலை முதல் வேலை ஓடி முடிந்த பிறகு லாக்கைத் திறந்து பார்த்து, அந்தப் பதிவின் அடியில் கையெழுத்திடுங்கள்.